மதினிக்குச் செய்த ஷாம்பு

மதினியின் தலையில் சீப்பு முறிந்த அன்றுதான் நாங்கள் இருவரும் முதல் தடவையாகச் சேர்ந்து சிரித்தோம். அண்ணனைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வருஷம் ஆகப் போகிறது. அதுவரை எங்களுக்குள் "சாப்பிட்டாச்சா", "பஸ்ஸுக்கு நேரமாச்சு", "கேன் தண்ணி வந்துச்சா" என்பதைத் தாண்டிப் பேச்சு ஓடியதில்லை. வயதில் அவள் என்னைவிடச் சில மாதம் இளையவள். ஆனாலும் முறைக்கு மூத்தவள் என்பதால் நான் அவளை நீங்க என்பேன். அவள் என்னை நீ என்பாள்.

தலைக்குக் குளித்துவிட்டு வாசல் வெயிலில் நின்று சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். படக்கென்று ஒரு சத்தம். பாதிச் சீப்பு அவள் கையில் இருந்தது. மறுபாதி பின்னந்தலையில் குத்திக்கொண்டு நின்றது.

"எங்க ஊரும் உப்புத்தண்ணிதான். ஆனா இம்புட்டுக் கொடுமை இல்ல," என்றாள், யாரிடம் என்றில்லாமல். "முடியா இது? தேங்காத்தும்பு."

"எடுத்து விடவா மதினி? இல்ல அங்கனயே இருக்கட்டுமா? பூ வாங்குற செலவு மிச்சம்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குக் கேலி பேச வரும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு சிரித்தாள். சிரிப்பில் தலை ஆட, அந்தப் பாதிச் சீப்பும் சேர்ந்து ஆடியது. நானும் சிரித்துவிட்டேன். உள்ளே இருந்து அம்மா வந்து, என்ன நடந்தது என்று தெரியாமல் எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். குடிக்கக் கேன் தண்ணீர், குளிக்கத் துவைக்க போர்த் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் சில நாளில் குடத்தின் உட்புறம் வெள்ளைப் பொருக்குக் கட்டும். சோப்பு நுரைக்காமல் திரிந்த பால்போல ஒதுங்கும். தலைக்குக் குளித்து எழுந்தால் முடி விரலில் கரகரக்கும். அந்தக் கரகரப்பு வந்தால்தான் அழுக்குப் போனது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு கணக்கு. ஈர முடியில் ஒரு கற்றையை இரண்டு விரலால் இழுத்தால் கிரீச்சென்று சத்தம் வரவேண்டும். சிறு வயதில் என் தலையை அலசி முடித்ததும் அம்மா அப்படி இழுத்துப் பார்த்துச் சத்தம் கேட்ட பிறகுதான் துண்டைக் கொடுப்பாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் கிடையாது. அண்ணன் எட்டோடு நின்று லேத்துப் பட்டறைக்குப் போனான். நான் மதுரையில் தங்கி வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதை மறைக்க எனக்கு வராது.

ஆனால் படித்தவள் என்று எல்லோரும் கொடுத்த இடம் சற்றுத் தள்ளிப்போன இடமாக இருந்தது. வீட்டில் கதவு உள்ள ஒரே அறையை எனக்கு விட்டுவிட்டார்கள். "உள்ள அவ படிக்கிறா" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பக்கம் யாரும் வராமல் ஆனார்கள். படிப்பு முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தெருக்குழாயில் பெண்கள் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் குடத்தோடு போனால், "டீச்சர் வாராக, வழி விடுங்கடி" என்று ஒதுங்கி, முதலில் எனக்குப் பிடித்துக் கொடுப்பார்கள். மரியாதைதான். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்ததும் பின்னால் சிரிப்பு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். என்னோடு படித்தவர்கள் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வந்தால், பிள்ளையை எந்த ஸ்கூலில் போடலாம் என்று என்னிடம் கேட்பார்கள். பிள்ளைக்குச் சளி பிடித்த கதையையும் மாமியாரோடு சண்டை போட்ட கதையையும் வேறு யாரிடமோ சொல்வார்கள். பள்ளியிலோ ஆசிரியைகள் பெரும்பாலும் டவுன் கடைக்காரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மாலையில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்கள். "நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிடவும் செய்வார்கள். எனக்கு பஸ் இருக்கிறது என்பேன். பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது என்பது உண்மை. அவர்கள் இரண்டாம் தடவை கூப்பிட வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததும் உண்மை.

எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அதை வாய்விட்டுக் கேட்கிறவள் நான் இல்லை.

சீப்பு முறிந்த அன்று மாலை, அடுப்படியில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த மதினியிடம் போய், "நான் ஒரு ஷாம்பு செஞ்சு தாரேன் மதினி," என்றேன்.

"நீயா?"

"நான்தான்."

"செய்யி. தலையில முடி கெடக்குறப்பவே செய்யி."

முதலில் செய்தது ஒரு வீடியோவைப் பார்த்து. பூந்திக்கொட்டையை வேகவைத்து, ஊறவைத்த வெந்தயத்தையும் செம்பருத்தி இலையையும் அரைத்து, வடிகட்டி, பச்சையாக ஒரு கொழகொழப்பு. அன்றைக்குப் போட்டபோது நன்றாகவே இருந்தது. மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைத்தேன். சில நாளில் பாட்டில் உப்பிக்கொண்டு நின்றது. மதினி மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று பொங்கி அவள் சேலையெல்லாம் தெறித்தது. வீடு முழுக்கப் புளித்த நாற்றம்.

"நல்லவேளை நான் தொறந்தேன்," என்றாள் மதினி, முந்தானையை உதறிக்கொண்டே. "உங்கண்ணன் தொறந்திருந்தா கள்ளுன்னு குடிச்சிருப்பாக."

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒத்த ரூவாய்க்குப் பாக்கெட்டு விக்கிறான். இவ எம்மெஸ்ஸி படிச்சுட்டு எலையைக் கசக்கிக்கிட்டு இருக்கா. தெருவுல கேட்டா என்ன சொல்லுவாக."

அது தைத்தது. தெரு என்ன சொல்லும் என்பது பற்றி எனக்குக் கவலை இல்லை. நான் படித்ததைக் கொண்டு யோசிக்காமல் எவரோ செய்ததைப் பார்த்துச் செய்தேனே என்பதுதான். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுவதை எனக்கே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து. அது முடியில் படிகிறது. முடி கழுவக் கழுவ எதிர் மின்னேற்றம் கொள்கிறது, அதனால் ஒரு முடி இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு விறைக்கிறது. அதைப் படிய வைக்க நேர் மின்னேற்றம் உள்ள ஒரு பொருள் வேண்டும். அது நுரையோடு சண்டை போடாமல் இருக்கவும் வேண்டும். முடியைப் பதமாக்குவது என்பது இவ்வளவுதான்.

இதை மதினியிடம் சொன்னேன். அந்த வீட்டில் நான் படித்ததைப் பற்றி ஒருவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"முடிக்கு மைனஸ். அதுல ஒட்டணும்னா பிளஸ் வேணும்."

"பொண்ணு மாப்பிள்ளைன்னு சொல்லு."

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

"மாப்பிள்ளை யாரு?"

"கொத்தவரை விதையில இருந்து எடுக்குற பசை. அதுல பிளஸ் ஏத்திப் பொடியா விக்கிறாக."

"கொத்தவரங்காய்க்கு வந்த வாழ்வப் பாரு," என்றாள். "எங்க வீட்டுல அதை வதக்கி வச்சா ஒருத்தரும் தொடமாட்டாக."

சாமான்களை இணையத்தில் தேடிப் பள்ளி முகவரிக்கு வரவழைத்தேன். தேங்காயிலிருந்து எடுக்கும் மெதுவான நுரைத் திரவம், கொத்தவரைப் பொடி, எலுமிச்சை உப்பு, தண்ணீரில் உள்ள சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு வெள்ளைத் தூள், கெட்டுப்போகாமல் காக்கும் ஒரு திரவம். ஆசிரியைகள் அறையில் பார்சலைப் பார்த்து, "கல்யாண விஷயமா?" என்றார்கள். ஷாம்புக்கு என்றேன். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொத்தவரைப் பொடியைக் கேன் தண்ணீரில் தூவிக் கிண்டினால் ஒன்றுமே ஆகாததுபோல் தண்ணீர் தண்ணீராகவே கிடக்கும். எலுமிச்சை உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டதும்தான், சட்டென்று எல்லாம் சேர்ந்து கூழாகும். அந்தக் கணத்துக்காக மதினி அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பாள். "இரு, இரு, நான் விடுறேன்," என்று சொட்டு விடுவதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். முதலில் கட்டி தட்டியது. பிறகு நீர்த்துப்போனது. சமையல் உப்பைப் போட்டால் இறுகும் என்று கூட்டிக்கொண்டே போனேன். ஓர் அளவு வரைக்கும் இறுகி, அதைத் தாண்டியதும் தண்ணீராக ஓடிவிட்டது. ஒவ்வொன்றையும் நான் பாத்திரம் கழுவ எடுத்து வைத்தேன். அம்மா அதைப் பற்றி மட்டும் குறை சொல்லவில்லை. பாத்திரம் நன்றாகவே பளபளத்தது.

ஷாம்பு பார்க்கிற அளவுக்கு வந்ததும் தலையில் போட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை எனக்குப் பள்ளி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தோம். "நாளுங்கிழமையும் இல்லாம ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கிறாளுக ரெண்டு பேரும்," என்று அம்மா வாசலில் நின்று ஊருக்குக் கேட்கும்படி சொன்னாள். மதினி குனிந்துகொள்வாள், நான் அவள் தலையை நடுவகிடு எடுத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு ஷாம்பு, மறுபக்கத்துக்கு இன்னொன்று போட்டுத் தேய்ப்பேன். போர்த் தண்ணீரில்தான் அலச வேண்டும். அதில் தேறினால்தான் தேறியது. பிறகு ஈரத்தோடு வெயிலில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் சீவிப் பார்ப்பேன்.

"எப்படி மதினி இருக்கு?"

"இந்தப் பக்கம் மாட்டு வாலு. அந்தப் பக்கம் குதிரை வாலு."

"சரியா சொல்லுங்க."

"இதுக்கு மேல சரியா எப்படிச் சொல்ல? மாட்டையும் பாத்ததில்லையா நீ?"

அப்படிச் சொல்லிக்கொண்டே வெயிலில் உட்கார்ந்திருப்போம். அவளுடைய அப்பாவுக்குப் பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டோரம் டீக்கடை. அவள் லாரிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த ஊர் லோடு என்று சொல்லிவிடுவாளாம். "இங்க வந்த புதுசுல காதுக்குள்ள ங்ஙொய்யின்னு ஒரே சத்தம். காதுல கோளாறுன்னு பயந்துட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, உங்க ஊரு சும்மா இருக்குற சத்தம் அதுன்னு." நான் அவளிடம் மதுரை விடுதியில் முதல் வருஷம் முழுக்கத் தனியாகச் சாப்பிட்டதைச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டுச் சில பெண்கள் சிரித்தார்கள், அதனால் நான் பேசுவதை நிறுத்தினேன், மதிப்பெண்ணில் அவர்களைத் தாண்டினேன், அப்போதும் தனியாகத்தான் சாப்பிட்டேன் என்று. வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

"நீ திமிரு பிடிச்சவன்னு நெனச்சுருந்தேன்," என்றாள்.

"திமிரு இருக்குது மதினி."

"இருக்கட்டும். அது இல்லாட்டி இந்த வீட்டுல எம்மெஸ்ஸி எங்கிட்டு இருந்து வரும்."

கடைசியில் தேறிய ஷாம்புவில் கொத்தவரைப் பசையைப் புத்தகம் சொல்லும் அளவுக்கு இரண்டு மடங்கு போட்டிருந்தேன். எங்கள் தண்ணீருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. அன்றைக்கு மதினி உச்சந்தலையில் சீப்பை வைத்துக் கையை எடுத்தாள். சீப்பு தானாக வழுக்கி நுனிவரை வந்து தரையில் விழுந்தது. அவள் அதை எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. அம்மா வந்து ஒரு கற்றையை இழுத்துப் பார்த்துவிட்டு, "சத்தமே வரலையே. அழுக்கு அப்படியே இருக்கு," என்றாள்.

"சத்தம் வர்றதுக்கு இது என்ன கதவா அத்தை," என்றாள் மதினி.

அந்த மழைக்காலத்துக்குள் அண்ணனுக்குப் பட்டறையில் வேலை குறைந்துவிட்டது. கோயம்புத்தூரில் இருந்த கூட்டாளி கூப்பிட்டான். அப்பாவுக்கு மனசில்லை. "குமாரலிங்கபுரத்துல ஜவுளிப் பார்க்கு வரப்போகுதுங்குறாக. இங்கனயே வேலை கெடைக்கும்," என்றார். "வரட்டும்ப்பா, வந்ததும் வாரேன்," என்று சொல்லிவிட்டு அண்ணன் போனான். அங்கே ஒரு மாடி வீடு வாடகைக்குக் கிடைத்ததும் மதினியைக் கூட்டிப்போக வந்தான்.

அவள் சந்தோஷமாகத்தான் கிளம்பினாள். அதில் என்ன தப்பு. சத்தமுள்ள ஊர், கடைகள், புருஷன். நான் இரண்டு பெரிய பாட்டில் நிறைய ஷாம்பு ஊற்றி, மூடிக்கு மேல் பாலித்தீன் கட்டி, அவள் துணிப்பைக்குள் வைத்தேன். "வாரா வாரம் போன் பண்றேன் புள்ள," என்றாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவள் அதற்குள் பக்கத்து சீட்டுப் பெண்ணோடு பேச ஆரம்பித்திருந்தாள்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"ஏ புள்ள, உன் ஷாம்பு கெட்டுப்போச்சு."

"நாத்தம் அடிக்குதா?"

"நாத்தமெல்லாம் இல்ல. தலையை விட்டுப் போகவே மாட்டேங்குது. ஊத்துறேன் ஊத்துறேன், வழுவழுன்னு அப்படியே நிக்கிது. கை வலிச்சுப் போச்சு."

"எம்புட்டுத் தண்ணி ஊத்துனீங்க?"

"ஊத்துனதுல டேங்க்கு காலி. வீட்டுக்காரம்மா மேல வந்து, 'ஏங்கண்ணு, நாங்கெல்லாம் குளிக்கறதா வேண்டாமா'ங்குறாக. அவுக கண்ணுன்னு சொன்னாலே எனக்குப் பயமா இருக்கு."

சிரித்தேன். ஆனால் எனக்குள் கவலை. பசை அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். குறைத்துச் செய்து அருப்புக்கோட்டையிலிருந்து கூரியரில் அனுப்பினேன். அடுத்த ஞாயிறு அதே பேச்சு. இன்னும் குறைத்தேன். நுரைத் திரவத்தை மாற்றினேன். "கொஞ்சம் பரவாயில்ல, ஆனா இன்னும் போகலை," என்றாள். அப்புறம் வீட்டுக்காரம்மா, அண்ணனின் புது முதலாளி, கீழ்வீட்டுக் குழந்தை, அங்கே ஒரு கட்டுப் பூ என்ன விலை என்று பேச்சு நீளும். குறை சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைச் சார்ஜ் ஏற்றிக் கையெட்டும் இடத்தில் வைத்திருப்பேன். வாரம் முழுக்க, பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுகூட, அடுத்த பாட்டிலில் எதை மாற்றலாம் என்று யோசிப்பேன். அம்மா கேட்டாள், "அவளுக்கு அங்கன கடையே இல்லையா?"

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. நான் பார்க்காத தண்ணீருக்கு ஷாம்பு செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் காட்டில் கொத்தமல்லி பிடுங்க ஆள் கிடைக்காமல் அப்பா அண்ணனைக் கூப்பிட்டிருந்தார். வரும்போது வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னேன்.

"தண்ணிக்கு என்னைக் கூலியாளா ஆக்கிட்ட," என்று பாட்டிலை என் மேஜையில் வைத்தான் அண்ணன். "பஸ்ஸுல பக்கத்துல இருந்தவரு எனக்குக் கொஞ்சம் ஊத்துன்னு கேக்காத குறை."

அப்பா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கோயம்புத்தூர்ல இருந்து தண்ணி," என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனார்.

எல்லோரும் காட்டுக்குப் போன பிறகு நான் குளியலறைக்குள் உட்கார்ந்தேன். முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சிறுவாணித் தண்ணீர் இனிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாக்கில் எதுவும் இல்லாததுபோல் இருந்தது, அதுதான் இனிப்பு. பிறகு என் சடையின் நுனியை எடுத்து, என் ஷாம்புவைப் போடாமல், கடையில் விற்கும் ஒற்றை ரூபாய்ப் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டேன். அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அலசினேன். நுரை போனது. ஆனால் வழுவழுப்புப் போகவில்லை. இன்னும் ஊற்றினேன். போகவில்லை. விரலுக்கு அடியில் முடி மீன்போல நழுவியது. வெயிலில் போய் நின்று காய வைத்தேன். காய்ந்ததும் முகர்ந்து பார்த்தேன், விரலால் பிரித்துப் பார்த்தேன். பிசுக்கு இல்லை. படிந்தது எதுவும் இல்லை. சுத்தமாக இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அவள் இத்தனை வாரமாகக் கை வலிக்கக் கழுவிப் போக்கப் பார்த்தது என் ஷாம்புவை அல்ல. ஷாம்பு முதல் இரண்டு செம்புத் தண்ணீரிலேயே போயிருக்கும். அவள் விரலில் பட்டது அவளுடைய முடி. சுண்ணாம்பு படியாத, பிறந்தபடி இருக்கும் முடி. அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது; மதுரை விடுதியிலும் போர்த் தண்ணீர்தான். கரகரத்தால் சுத்தம், வழுக்கினால் அழுக்கு என்று பழகிய விரல்கள். நானும் அதே விரல்களோடுதான் அவளுக்காகப் பசையைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறேன்.

ஒரு நிமிஷம் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன் என்று. திரும்பினேன். சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லை. அதோடு அடுத்த விஷயமும் தெரிந்தது. அந்தத் தண்ணீருக்கு என் ஷாம்பு தேவையில்லை. கடையில் எதை வாங்கிப் போட்டாலும் அவள் முடி நன்றாகவே இருக்கும். இதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எதற்குக் கூப்பிட வேண்டும்.

அந்த வாரம் பள்ளியில் பாடம் எடுக்கும்போதெல்லாம் இது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. சொல்லாமலும் இருக்கலாம். கொஞ்ச நாளில் அவள் விரல் அந்தத் தண்ணீருக்குப் பழகிவிடும். இப்போது சரியாகிவிட்டது புள்ள என்பாள். நான் செய்ததால் சரியானது என்று நினைப்பாள். மாதத்துக்கு ஒரு பாட்டில் போய்க்கொண்டிருக்கும். ஆனால் என்னால் அது முடியாது. ஒரு விஷயம் இன்னது என்று தெரிந்த பிறகு வேறு மாதிரிச் சொல்வதற்கு நான் இவ்வளவு படித்திருக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பேச ஆரம்பிக்கும் முன்பே சொன்னேன்.

"மதினி, ஷாம்புல கோளாறு இல்ல."

"பின்ன என் தலையிலயா கோளாறு?"

"தலையிலயும் இல்ல. நல்ல தண்ணியில அலசுனா முடி அப்படித்தான் வழுவழுன்னு இருக்கும். அது உங்க முடிதான். ஷாம்பு அப்பவே போயிருச்சு."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப நான் இத்தனை நாளா என் முடியையே கழுவி ஊத்தப் பாத்தேனா?"

"ஆமா."

அவள் சிரித்தாள். சீப்பு முறிந்த அன்று சிரித்த மாதிரியே வெகுநேரம் சிரித்தாள். "உங்கண்ணன்கிட்டச் சொன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாக. சொல்லிராத." பிறகு, "எதைப் போட்டாலும் அப்படித்தானா?"

"எதைப் போட்டாலும். ரெண்டு செம்பு ஊத்தி நிறுத்திக்கங்க. கடையில சின்னப் பாக்கெட்டே போதும்."

"அப்ப நீ அனுப்ப வேண்டாம்ல?"

"வேண்டாம்."

"ஒனக்கும் கூரியருக்கு அலையிற வேலை மிச்சம்," என்றாள். "சரி புள்ள. சோறு வடிக்கணும். வைக்கட்டா?"

"வைங்க மதினி."

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவள் கூப்பிடாமல் நானாகக் கூப்பிட்டதில்லை. கூப்பிடும்போது சொல்வதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று எனக்குப் பழக்கம். காரணத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, அது இல்லாமலே ஒரு நாள் அவள் நம்பரைப் போட்டேன். எடுத்தது அண்ணன்.

"அவ இல்லையே. பனியன் கம்பெனி மாதிரி ஒண்ணு பக்கத்துலயே இருக்கு. அதுல சேந்துட்டா. ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம் இருக்கு. நாலஞ்சு பொம்பளைக சேந்து போறாக, போனைக்கூட வச்சுட்டுப் போயிட்டா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லண்ணே."

"வந்ததும் பேசச் சொல்லவா?"

"வேண்டாம். அவசரமில்ல."

அவளுக்கு அங்கே ஆள் கிடைத்துவிட்டார்கள் என்பதில் எனக்கு நிம்மதி. அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். எனக்கு ஷாம்பு தீர்ந்திருந்தது. எங்கள் தண்ணீருக்கு அது வேண்டும்.

எனக்கு மட்டும் போதும் என்று ஒரு சின்னக் கிண்ணத்தில் செய்ய ஆரம்பித்தேன். தண்ணீரும் நுரைத் திரவமும் எடையில் சரியாக வந்தன. கொத்தவரைப் பொடியை ஒரு சிட்டிகை எடுத்துத் தராசில் வைத்தேன். சமையல் தராசு அது, கிராமுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. வைத்ததையே காட்டவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்தேன், திடீரென்று ஒன்று என்றது. கெட்டுப்போகாமல் காக்கும் திரவமும் அப்படியே. குறைந்தால் புளிக்கும், கூடினால் மண்டை எரியும், குத்துமதிப்பாக விடுகிற சாமான் இல்லை அது. கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பழையபடி பெரிய சட்டியை எடுத்து, எப்போதும் செய்கிற அளவுக்கே எல்லாவற்றையும் நிறுத்தேன்.

எலுமிச்சை உப்பைச் சொட்டு விடும்போது அம்மா உள்ளே வந்தாள். சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"ஒருத்திக்கு எதுக்குடி இம்புட்டு?"

"இதுக்கும் கம்மியாச் செய்ய முடியாதும்மா," என்றேன். கலவை சேர்ந்து இறுக ஆரம்பித்திருந்தது. கரண்டியை நிறுத்தாமல் கிண்டினேன்.